மேலிருந்து கீழாக உழுத நாடு

முன்னொரு காலத்தில் செம்பாறை என்ற மேட்டு நாட்டை அமுதவர்மன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். எவனுக்கும் கப்பம் கட்டியதில்லை என்பது அவன் பெருமை. மற்றபடி நல்லவன்தான், உப்பரிகையில் ஏறாதவரை.

ஒருநாள் ஏறினான். எதிரே குடியானவர்கள் வழக்கம்போலச் சரிவுக்குக் குறுக்கே, வளைந்து வளைந்து உழுதுகொண்டிருந்தார்கள். அறுத்த சோளத்தின் தட்டை அங்கங்கே நின்றது. நிலம் கட்டி கட்டியாகக் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லையே என்றான் ராஜா. அவ்வளவு போதாதா? அரண்மனை அலங்கார அதிகாரி சந்தனமல்லர் ஓடிவந்தார். மந்திரி வில்லிநாதரின் ஆசனத்தின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த மனிதர் அவர். தட்டையைப் பிடுங்கி எரித்துவிட்டு, மண்ணை மாவாக உழுது, மேலிருந்து கீழாக நேர்கோட்டில் உழவுச் சால் ஓட்டினால் நிலம் பட்டுச்சேலை மாதிரி இருக்கும் என்றார். மறுப்பவன் நிலம் பறிபோகும் என்று ராஜாவும் ஆணையிட்டுவிட்டான்.

வில்லிநாதர் தடுத்துப் பார்த்தார். குறுக்குச் சால் மழைத்தண்ணீரை நிறுத்தும், தட்டை மண்ணைப் பிடித்து வைக்கும் என்று எடுத்துச் சொன்னார்.

"மந்திரியாருக்கு ரசனை கொஞ்சம் குறைவு" என்றார் சந்தனமல்லர்.

சபை சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது.

விதைத்தார்கள், மழை வந்தது. மாவாக உழுத மண்ணின் மேல்தோல் அடுத்த வெயிலில் ஓடாக இறுகியது. முளைகள் முட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே செத்தன. மிச்ச மண் நேர்கோட்டுச் சால் வழியாக ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. உப்பரிகையிலிருந்து பார்க்க மட்டும் அழகு குறையவில்லை. மறுவிதைப்புக்குப் பின்மழை பாக்கி இருந்தது. அதற்கும் இப்படியே உழுதால் நாடு பட்டினிதான்.

வில்லிநாதர் மண்ணைப் பற்றிப் பேசுவதையே விட்டார். சபைக்குப் போய், "மகாராஜா, நம்மவர் ஒருவர் வேங்கை நாட்டுக்குச் சத்தமில்லாமல் கப்பம் அனுப்புகிறார்" என்றார்.

ராஜா துள்ளி எழுந்தான். அனுப்பியவன் யாராக இருந்தாலும், போனதைத் தன் தலையில் சுமந்தே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று வாளைத் தொட்டுச் சத்தியம் செய்தான். வில்லிநாதருக்கு வேண்டியது அந்தச் சத்தியம்தான். உடனே எல்லோரையும் எல்லை ஓடைக்கு அழைத்துப் போனார்.

ஓடை போய் விழும் இடத்தில் வேங்கை நாட்டு ஏரி. அந்த ஊர்க்காரர்கள் செக்கச் செவேலென்ற வண்டலை வெட்டி, வண்டி வண்டியாகத் தங்கள் வயலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அமுதவர்மனைக் கண்டதும் நன்றியோடு கும்பிட்டார்கள்.

"இது நம் மேட்டு மண். அனுப்பியது யார்?" என்றான் ராஜா.

"மேலிருந்து கீழாக உழச் சொன்னவர், மகாராஜா" என்றார் வில்லிநாதர்.

"அது மகாராஜாவின் ஆணையல்லவா?" என்று சந்தனமல்லர் அவசரப்பட்டு வாயை விட்டார்.

"அப்படியானால் நான்தான் சுமக்க வேண்டுமோ?" என்று ராஜா அவர் பக்கம் திரும்பினான்.

பாவம், அவர் எந்தப் பக்கம் போவார்? "இல்லை, யோசனை அடியேனுடையது" என்று முனகினார். ராஜாவுக்குப் போன உயிர் திரும்பியது. சந்தனமல்லரின் தலையில் கூடை ஏறியது.

அன்றைக்கே ராஜா குறுக்கே உழும்படி ஆணையிட்டான், தானே கண்டுபிடித்த முறை என்று. வில்லிநாதருக்கு முத்துமாலையும் போட்டான். பின்மழை மண்ணுக்குள் இறங்கிச் சோளம் தலை நீட்டியபோது அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

கதிர் முற்றும் சமயத்தில் வேங்கை நாட்டுத் தூதர் பட்டும் தாம்பூலமுமாக வந்து நின்றார்.

"முன்மழைக்கு மண்ணை அள்ளி அள்ளிக் கொடுத்தீர்கள். பின்மழைக்கு வெறும் தண்ணீர்தான் வந்தது. எங்கள்மேல் ஏதாவது வருத்தமா என்று எங்கள் ராஜா கேட்டுவரச் சொன்னார்."

அமுதவர்மனுக்குக் காது வரை சிவந்துபோயிற்று. பிறகு மந்திரியின் பக்கம் சாய்ந்து, "எனக்கும் ஒரு கூடை இருக்கிறதா?" என்று மெல்லக் கேட்டான்.