அரிக்கிற கிழங்குக்குக் கருணை என்று பெயர் வந்த கதை

பன்றி பேச, கிழங்கு பதில் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இந்தக் கிழங்கு யார் தொண்டையையும் அரித்ததில்லை. வெந்தால் வெண்ணெயாய்க் கரையும். அதுவே அதற்கு வினையாகப் போயிற்று. தண்டு தலை நீட்டினால் போதும், தோண்டித் தின்றுவிடுவார்கள். கடைசியில் சீரங்காயி வீட்டுப் பின்புறம் ஒரு தாய்க்கிழங்கும் அதன் குஞ்சுகளும்தான் மிச்சம்.

சீரங்காயியின் கணவன் மாரப்பனுக்கு எதையும் அதனதன் காலத்தில் தின்று பழக்கமில்லை. மழையில் மாம்பழம் கேட்பான், கோடையில் மொச்சை கேட்பான். அந்த ஐப்பசியில் கிழங்கு கேட்டான்.

"இன்னும் முத்தலைங்க. தை வரட்டும்."

"அதுவரைக்கும் என் நாக்கை உறியில தொங்கவிடட்டுமா? போ புள்ள."

முணுமுணுத்துக்கொண்டே களைக்கொத்தோடு போனாள். கொத்து மண்ணில் விழுந்ததும் தாய்க்கிழங்கு கெஞ்சியது.

"அக்கா, குஞ்சுகளுக்கு இன்னும் தோலே பிடிக்கலை. இதுங்களும் போனா எங்க வம்சமே இல்லை. தை வரைக்கும் விட்டுவை."

பிள்ளை பெற்றவள்தானே, கொத்தைக் கீழே போட்டுவிட்டாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பன்றி காத்திருந்தது.

"பெரிய மனசு பண்ணியாச்சா? நகரு. இனி நான் பார்த்துக்கறேன்."

"வெட்கமா இல்லை? பச்சைப் பிள்ளைங்க."

"அதுதானே மெல்ல மெத்துன்னு இருக்கும்!" பன்றி வேலிக்குள் மூக்கை நுழைத்தது.

கல்லெடுத்து எறிந்தாள். தடித்த தோல், அசையவே இல்லை. இடுப்பில் வெற்றிலைப் பை இருந்தது. சுண்ணாம்பு முழுவதையும் வழித்து, "எரியும், பொறுத்துக்கோ" என்று தாய்மேலும் குஞ்சுகள்மேலும் அப்பி மண்ணைத் தள்ளி மூடினாள். பன்றி பாய்ந்து வந்து தோண்டி ஒரு கடி கடித்தது. வாய் வெந்து, ஊரே கூடும்படி அலறிக்கொண்டு ஓடியது. மாரப்பன் அன்றைக்குக் கீரையைத் தின்றான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

தை வந்தது. குஞ்சுகள் கைப்பிடி அளவு முற்றியிருந்தன. விதைக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு, தோண்டிய கையோடு சிலதை வேகவைத்துப் போட்டாள். ஒரு வாய்தான். மாரப்பன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு குதித்தான்.

"அடிப் பாவி, அரிக்கிற செந்தட்டிச் செடியையா சமைச்ச?"

சீரங்காயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே தோட்டத்துக்குப் போனாள். "காப்பாத்தினவ வீட்டுக்கே இந்த வேலையா?"

"நீ பூசினது உள்ளே ஊறிப்போச்சு அக்கா," என்றது தாய்க்கிழங்கு. "பன்றி எது, மாமா எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கே சில நாள் தெரியறதில்லை. இப்ப என்னதான் பண்றது?"

"அவசரப்படாதே. நிழல்ல போட்டு வாடவிடு. அப்புறம் புளியில வேகவை. சுண்ணாம்பு புளிக்கு அடங்கும்."

மாசியில், மீதிக் கிழங்கு சுருங்கிப் பழசான பிறகு, புளியைக் கரைத்து ஊற்றி மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தாள். மாரப்பன் பயந்து பயந்து ஒரு துண்டைத் தொட்டான். அப்புறம் சட்டியையே வழித்தான்.

"ஈவு இரக்கமில்லாத கிழங்குன்னு நினைச்சேன்."

"நான் அதுமேல இரக்கப்பட்டதாலதான் அது அரிச்சுது. உங்களுக்கு எங்கே புரியப்போகுது? கருணைக்கிழங்குங்க அது!"

அந்தக் கருணைக்கிழங்கை நாம் வாடவிட்டு, புளி ஊற்றிச் சமைப்பது அன்று தொட்டுத்தான். பொறுக்கமாட்டாமல் பறக்கிறவர்களுக்கு இன்றைக்கும் தொண்டை அரிக்கத்தான் செய்கிறது.