புகாரே வராத தெரு

நெடுங்கரைன்னு ஒரு ராஜ்யம். அங்கே ராஜா உண்டு, அரண்மனை உண்டு, கரண்டும் உண்டு. கோடை வந்தா மட்டும் கரண்டு பத்தாது. எந்தத் தெருவுக்கு நிறுத்தலாம்னு முடிவு பண்ண மந்திரி வச்சிரநாதர் ஒரு மிஷின் வாங்கி வச்சார். செயற்கை மூளையாம்! சொந்த மூளைக்கு வேலை கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை, பாவம்.

மிஷின் வந்ததிலிருந்து உப்பளத் தெருவில் மத்தியானம் ரெண்டு மணிக்குக் கரண்டு போகும், ஆறு மணிக்குத்தான் வரும். தினமும் அதே தெருதான்.

அந்தத் தெரு சுடலைவடிவு ஒருநாள் சபையில் வந்து நின்னா. "ராஜா, எம் புருசனுக்கு இளைப்பு. மூச்சு மிஷின் ஓடினாத்தான் மூச்சு. நேத்து அவரு உதடெல்லாம் நீலம் பாரிச்சுப்போச்சு. இன்னிக்குத் தாங்க மாட்டாரு."

மந்திரி சிரிச்சார். "மகாராஜா, மிஷினுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. எங்கே புகார் வரலையோ அங்கேதான் நிறுத்தும். ராஜவீதியில் விசிறி மெதுவா சுத்தினாலே பத்து புகார் வருது. உப்பளத் தெருவில் ஒண்ணுகூட இல்லை."

"இதோ நின்னு சொல்றேனே, சாமி!"

"வாயால சொன்னா செல்லாதும்மா. போன்ல பதியணும்."

"கரண்டு போனா எங்க டவரும் போயிடுது. வந்தப்புறம் பதிஞ்சா, 'இப்பத்தான் கரண்டு இருக்கே'ன்னு உங்க மிஷின் தள்ளிடுது!"

"அதுக்கு நான் என்ன பண்ண? மிஷின் சொன்னா சொன்னதுதான்."

என்ன திமிரு பாருங்க! ராஜாவோ தலையைச் சொறிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். சபையில் பிச்சாண்டின்னு ஒருத்தர். துடுக்கு வாய், கூர் புத்தி. அவர் நேரா லைன்மேன்கிட்டே போய், "அரண்மனை லிஃப்டை மட்டும் உப்பளத் தெரு லைன்ல மாட்டுப்பா"ன்னார்.

அன்னிக்கு மத்தியானம் மந்திரி வயிறு முட்டச் சாப்பிட்டார். மேல்மாடியில் தூங்கணும். படியில் கால் வச்சா பதவிக்கு இழுக்கு, அதனால லிஃப்டில் ஏறினார். டாண்ணு மணி ரெண்டு. லிஃப்ட் பாதியில் நின்னுது.

உள்ளேயிருந்து தடதடன்னு இடி. ராஜா ஓடி வந்தார், பின்னாலேயே சுடலைவடிவும்.

"யாருய்யா உள்ளே?"

"நம்ம மந்திரிதான். பயப்படாதீங்க, மிஷினைக் கேட்போம்"னு பிச்சாண்டி பக்கத்திலேயே இருந்த மிஷின் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா மிஷின், லிஃப்டிலிருந்து புகார் உண்டா?"

மிஷின் சொன்னது: "புகார் ஏதுமில்லை. உள்ளே இருப்பவர் திருப்தியாக இருக்கிறார். மின்தடையை மேலும் இரண்டு மணி நேரம் நீட்டிக்கலாம்."

"ஐயோ, வேர்த்துக் கொட்டுதே! மூச்சு முட்டுதே! திறங்கய்யா!"

"வாயால சொன்னா செல்லாது மந்திரி. போன்ல பதியுங்க"ன்னார் பிச்சாண்டி.

"லிஃப்டுக்குள்ளே சிக்னல் இல்லைய்யா!"

"அப்போ கரண்டு வந்தப்புறம் பதியுங்க. என்ன அவசரம்?"

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். பிச்சாண்டி சிரிக்கலை. "மகாராஜா, இதே லைன்லதான் இந்தம்மாவோட புருசன் மூச்சும் ஓடுது. இப்போ அவரும் தவிச்சுக்கிட்டிருப்பார்."

ராஜாவோட சிரிப்பு அடங்கிப்போச்சு. "மிஷின் கிடக்கட்டும். உப்பளத் தெருவுக்குக் கரண்டை விடு, உடனே!"ன்னு கத்தினார். லைன்மேன் சுவிட்சைப் போட்டார். சுடலைவடிவு வீட்டைப் பார்க்க ஓடினா. கொஞ்ச நேரத்தில், "அவரு கண்ணு முழிச்சுட்டாரு!"ன்னு அவகிட்டேயிருந்து போன் வந்தது.

லிஃப்ட் கதவு திறந்தது. மந்திரி தொப்பலா நனைஞ்சு வெளியே வந்தார். வந்ததும், "அந்த மிஷினை உடைங்க!"ன்னார்.

"அது என்ன பாவம் பண்ணுச்சு? சத்தம் போடுறவனுக்குத்தான் கரண்டுன்னு அதுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கதானே!"ன்னார் பிச்சாண்டி.

"பிச்சாண்டி, என்ன பரிசு வேணும், கேளு"ன்னார் ராஜா.

"பொன்னும் வேண்டாம், பொருளும் வேண்டாம் மகாராஜா. லிஃப்டை அந்த லைன்லேயே விட்டு வையுங்க. மந்திரிக்குப் படி ஏற மனசு வர்ற வரைக்கும் உப்பளத் தெருவில் ஒரு நிமிஷம்கூட கரண்டு போகாது!"