சலோமி முணுமுணுத்த மெட்டு

"டீச்சர், ஒரு மாசம் ஆச்சு. அது என்ன பாட்டுன்னு இன்னும் சொல்ல மாட்டேங்குதீங்க."

இப்படிக் குறைப்பட்டுக்கொண்ட மாணவர் தேவாசீர்வாதத்துக்கு வயது அறுபத்திரண்டு. டீச்சர் பியூலாவுக்கு முப்பத்தொன்று.

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவள் பாட்டு வகுப்பு நடத்தினாள். முகூர்த்த நாளென்றால் கல்யாணக் கச்சேரியில், பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டார் வாசிக்கப் போய்விடுவாள். அதிகம் பேசமாட்டாள். பேஸ் வாசிக்கிறவர்களே அப்படித்தான் போலிருக்கிறது.

தேவாசீர்வாதம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மந்திரியே சொன்னாலும் ஒரு பஸ்ஸை ஒரு நிமிடம் கூடுதலாக நிற்க விடமாட்டார். மனைவி சலோமி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

சலோமி காலையில் அடுப்படியில் ஒரு மெட்டை முணுமுணுப்பாள். வார்த்தை இருக்காது. முப்பத்து நாலு வருஷமாக அதே மெட்டு. அது என்ன பாட்டு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்டால் போச்சு என்று இருந்துவிட்டார்.

இப்போது ஊரெல்லாம் கேட்டாயிற்று. முன்பு கேசட் கடை வைத்திருந்தவர் உதட்டைப் பிதுக்கினார். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர் தலையைச் சொறிந்தார். தேவாசீர்வாதம் செல்போனிடம்கூட முணுமுணுத்துக் காட்டினார். அது ஏதோ பாஷை தெரியாத பாட்டைக் கொண்டுவந்து நீட்டியது.

"தினம் கொஞ்சம் மறந்துட்டே வருது டீச்சர். நேத்து நடுவுல ஒரு இடம் எப்படிப் போகும்னே தெரியல. இதுவும் போயிட்டுன்னா அவ குரல்ல எங்கிட்ட மிச்சம் ஒண்ணுமே இல்ல."

பியூலா கீபோர்டைத் தன் பக்கம் திருப்பினாள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு தாலாட்டை வாசித்தாள். வலது கையில் மெட்டு. இடது கை கீழே இரண்டு மூன்று கட்டைகளை மட்டும் மெதுவாக மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தது.

பாதியில் இடது கையை எடுத்துவிட்டாள்.

"இப்ப என்ன போச்சு?"

"ஒண்ணும் போகலியே. பாட்டு அப்படியேதான் இருக்கு."

அவள் இன்னொரு வரி வாசித்தாள்.

"இல்ல, என்னமோ போச்சு" என்றார் அவர். "வீட்ல ஆள் இல்லாத மாதிரி இருக்கு."

இடது கை திரும்பி வந்தது.

"வீட்ல பழைய கேசட் இருக்குல்ல அண்ணாச்சி? போட்டுக் கேளுங்க. பாடுதவங்களக் கேக்காதீங்க. அவங்களுக்குக் கீழ கேளுங்க."

அன்றைய பாடம் அவ்வளவுதான்.

கேசட் போடும் டூ-இன்-ஒன் பரணில் இருந்தது. தூசி தட்டினார். கேசட்டில் நாடா தளர்ந்திருந்தது. பென்சிலை விட்டுச் சுற்றினார். அட்டையில் பாட்டுகளின் பெயர்கள் சலோமியின் குண்டு குண்டு எழுத்தில் இருந்தன.

கல்யாணமான புதிதில் தேயத் தேயக் கேட்ட பாட்டுகள். எல்லாம் தலைகீழ்ப் பாடம் என்றுதான் நினைத்திருந்தார். பாடுகிற குரலை விட்டுவிட்டுக் கீழே காதை வைத்தால், அங்கே ஒரு பேஸ் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அதற்கும் மேலே, பாடகிக்குப் பின்னால், வேறொரு பெண்குரல் வேறு எதையோ பாடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் இத்தனை வருஷமும் இதற்குள்ளேயே இருந்ததா? அவருக்கு அழுகை வந்தது. கேசட்டின் இரண்டு பக்கமும் முடிகிறவரை அழுதார்.

அடுத்த வகுப்பில் பியூலா, "அந்த மெட்டப் பாடுங்க" என்றாள்.

அவர் மேஜையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாளம் தட்டிக்கொண்டார். மறுபடி ஒன்று வந்ததும் கச்சிதமாக எடுத்தார். எங்கும் நிற்காமல் முடித்தார்.

"அவங்க இப்படித்தான் பாடுவாங்களா?"

"ஆமா."

"அச்சு அசலா இப்படியேவா?"

தேவாசீர்வாதம் தொண்டையைச் செருமினார். "அவ கொஞ்சம் லேட்டா எடுப்பா டீச்சர். முதல் தட்டுல வரவே மாட்டா. ரெண்டாவதுலதான் வருவா. ஒரு இடத்துல ஒரே சுரத்துல நாலு தட்டு சும்மா நிப்பா. அவளுக்குத் தாளம் வராது. அதையெல்லாம் நான் சரி பண்ணிட்டேன்."

"யாரு உங்களச் சரி பண்ணச் சொன்னா?"

பியூலா சத்தம் போட்டு அவர் கேட்டதே இல்லை. கீழே பேக்கரிக்காரர்கூட ஒரு தடவை மேலே பார்த்திருப்பார்.

கீபோர்டில் தாளத்தை ஓடவிட்டாள். முதல் தட்டில் கையை எடுத்துக்கொண்டாள். இரண்டாவது தட்டில் சலோமியின் மெட்டை வாசிக்கத் தொடங்கினாள். அந்த இடம் வந்தது. ஒரே சுரம், நாலு தட்டு, அசையாமல் நின்றது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சலோமியேதான்.

"பாட்டோட மெட்டு இப்படிச் சும்மா நிக்காது அண்ணாச்சி. வேற யாரோ மெட்டோட மேல நடந்தாத்தான் இது நிக்கும்."

"வேற யாரு?"

"சர்ச் கொயர்ல அவங்க எந்த வரிசை?"

"ரெண்டாவது. ஆல்டோ."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது ஞாபகம் வந்தது. கொயரில் முதல் வரிசைப் பெண்கள்தான் மெட்டைப் பாடுவார்கள். இரண்டாவது வரிசை அதற்குக் கொஞ்சம் கீழே, அதோடு ஒட்டிப் போகிற மாதிரி வேறொன்றைப் பாடும். ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அவர் சலோமியைக் கிண்டல் செய்யாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

"உன் சத்தம் கேக்கவே இல்லட்டி."

"கேக்காண்டாம். நான் ஒரு நாள் நிறுத்துனா அன்னைக்குத் தெரியும் உங்களுக்கு."

பியூலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைல அவங்க முணுமுணுக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"பக்கத்துல பின்வாசல்லதான். ஷேவ் பண்ணிட்டு இருப்பேன்."

"சும்மாவா?"

அவர் கை தானாகக் கன்னத்தைத் தடவியது.

ஜன்னல் கம்பியில் தொங்கும் கண்ணாடி. கன்னமெல்லாம் நுரை. நேரம் ஆறு பத்து. அடுப்படியில் தோசைக்கல் சூடாகும். அவர் சீட்டியடிப்பார். கல்யாணமான வருஷம் வந்த படத்துப் பாட்டு அது. நிலையத்துக்குள் வந்த பஸ்ஸெல்லாம் அந்த வருஷம் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தன. வேறு பாட்டு அவருக்குச் சீட்டியில் வராது. அவருடைய முதல் சத்தம் எழும்பிய பிறகுதான் உள்ளேயிருந்து அவள் சத்தம் வரும், அவர் சீட்டிக்குக் கொஞ்சம் கீழே, அதோடு ஒட்டி.

அவர் எங்கெல்லாம் போய்க் கேட்டார்! கேசட் கடைக்காரர் பாவம், என்ன செய்வார்?

சலோமியை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அவர் சீட்டியடிக்கவில்லை. ஷேவிங்கே வாரத்துக்கு ஒரு தடவைதான்.

பியூலா மறுபடி தாளத்தை ஓடவிட்டாள். முதல் தட்டு வெறுமையாகப் போனது. இரண்டாவதில் சலோமி வந்தாள். வந்து, நாலு தட்டு நின்று, போனாள். மெட்டு திரும்பவும் ஆரம்பத்துக்கு வந்தது.

பியூலா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவர் உதட்டைக் குவித்தார். காய்ந்த உதடு. காற்றுதான் வந்தது. முதல் தட்டு போய்விட்டது.

"வரல டீச்சர்."

"ம்."

நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். மறுபடி முதல் தட்டு வந்தது. அதுவும் போனது. முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ரொம்ப லேட்டாயிட்டு டீச்சர்."

பியூலாவின் விரல் அந்த ஒற்றைச் சுரத்தில் இருந்தது. அதை எடுக்காமலே சொன்னாள்.

"பரவாயில்ல அண்ணாச்சி. அவங்க நிக்காங்க. வாங்க."