சிவப்புச் சீட்டு

“சாகாத டிஸ்க் எதுன்னு சொல்லுங்க, டீச்சர். அதையே வாங்கிடறேன்.”

அறவாழி டிஸ்க்குகள் அடுக்கிய இரும்புப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். ஏறி வந்தது இருபத்திரண்டு படி.

ஜெசிந்தா நிமிரவில்லை. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காதோரம் பிடித்து, அது சுழலும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு வயது முப்பத்துநான்கு. அறவாழிக்கு அறுபத்தொன்று. ஆனால் கணினி பழுதுபார்க்கும் அந்த மாடிக் கடையில் ஜெசிந்தாதான் ஆசிரியர், அறவாழிதான் மாணவர். ஓய்வுபெற்ற மறுமாதத்திலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து கற்றுக்கொள்கிறார்.

“எது செத்துது?” என்றார் ஜெசிந்தா.

“மூணாவது ஸ்லாட்டுல இருக்கறது. இந்த வருஷத்துல இதோட மூணு சாவு. ஒவ்வொரு தடவையும் வேற கம்பெனி வாங்கிப் பார்த்துட்டேன்.”

“பாவம், துக்கத்துக்குப் போய்ப் போய் அண்ணனுக்குக் கால் தேஞ்சு போச்சு” என்று படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

வெள்ளைக்கோலால் கடைசிப் படியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு மங்கையர்க்கரசி உள்ளே வந்தாள். நூல் மில்லில் டெலிபோன் ஆபரேட்டர். நாற்பது வயதில் எம்.ஏ. வரலாறு எழுதுகிறாள்.

“எனக்கு நாளன்னிக்குப் பரீட்சை, டீச்சரம்மா. மூணாவது பாடம் இன்னும் கேக்கவே இல்ல. அண்ணன் பெட்டிய அணைச்சு வச்சிட்டாரு.”

“மத்ததும் போயிடுமோன்னு பயம்” என்றார் அறவாழி.

பயப்படக் காரணம் இருந்தது. முப்பத்தொரு வருடம் அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரலால் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துவந்தார். பார்வையில்லாத அறுபத்துநாலு பேர், அவர் எடுத்து அனுப்ப அனுப்ப, அதைக் கேட்டுப் படித்தார்கள். ஆயிரத்து நானூறு மணி நேரம். எல்லாம் அந்தப் பெட்டிக்குள்.

“இதுக்கு நகல் வேற எங்கயாவது இருக்கா?”

“தஞ்சாவூர்ல, மைத்துனர் வீட்ல. போன வாரம்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“அப்ப கை வைக்கலாம்.”

ஜெசிந்தா பெட்டியைத் திறந்தார். மூன்றாவது ஸ்லாட்டிலிருந்த டிஸ்க்கை முதல் ஸ்லாட்டில் செருகினார். முதல் ஸ்லாட்டிலிருந்ததை மூன்றாவதில் செருகினார். பெட்டியை முடுக்கினார்.

செத்த டிஸ்க் ஓடியது.

நல்ல டிஸ்க் செத்தது.

அறவாழி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜெசிந்தா பெட்டியை அணைத்து, மூன்றாவது ஸ்லாட்டுக்குப் போகும் கேபிளை உருவிவிட்டு வேறொன்றை மாட்டினார். மறுபடி முடுக்கியபோது எல்லா டிஸ்க்கும் ஓடின.

“முன்னாடி செத்த ரெண்டு எங்க?”

“பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்.”

“ம்.”

“அதுங்களும் நல்லாத்தான் இருந்திருக்குமா, டீச்சர்?”

ஜெசிந்தா கேபிளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

அறவாழிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் அவர் விடவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார்.

“இனிமே இப்படி நடக்கக்கூடாது. பட்டியல் போட்டிருக்கேன். புது டிஸ்க் நாலு.”

“ஒரே கடையில ஒரே நாள்ல வாங்காதீங்க. ஒண்ணாப் பிறந்தது ஒண்ணாப் போகும்.”

“சரி. கரண்ட் போனா தாங்கறதுக்கு ஒரு யுபிஎஸ். காத்து வர்ற மாதிரி பெரிய பெட்டி. தஞ்சாவூருக்குத் தனியா இன்னொரு பெட்டி.”

“எல்லாமே நல்லதுதான்.”

“இவ்வளவும் இருந்தா எது செத்தாலும் பாடம் நிக்காது. சரிதானே?”

ஜெசிந்தா இழுப்பறையைத் திறந்தார். பழுதான டிஸ்க்கில் ஒட்டுகிற சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்தார். எழுந்து வந்து அறவாழியின் சட்டைப்பைமேல் ஒட்டினார்.

“என்ன டீச்சர் இது?”

“இன்னைக்குச் செத்தது இது. மங்கையக்கா, உங்க மூணாவது பாடம் இந்தப் பெட்டியிலதான் இருக்கு. அண்ணன்கிட்ட கேக்காம எடுத்துக்குங்க.”

மங்கை சிரித்துக்கொண்டே, பெட்டியோடு இணைத்திருந்த மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் நிரல் அதில் இருந்தது. அவள் விசையைத் தட்டத் தட்ட, அது பெட்டியிலிருந்த கோப்புறைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னது.

ஒன்று இரண்டு ஆறு ஐந்து நான்கு.

ஒன்று ஆறு எட்டு நான்கு எட்டு.

இரண்டு இரண்டு ஆறு மூன்று ஏழு.

“என்னண்ணே இது? பாடத்துக்குப் பேரே இல்ல, எல்லாம் நம்பரா இருக்கு!”

“வண்டி நம்பர்ம்மா. எனக்கு மறக்கவே மறக்காது. சரித்திரம்னா நம்ம—”

“செத்த டிஸ்க் பேசாது, சார்” என்றார் ஜெசிந்தா.

அறவாழி வாயை மூடிக்கொண்டார்.

மங்கை ஒரு கோப்புறையைத் திறந்தாள். அறவாழியின் குரல் ஒளிவிலகலைப் பற்றி வாசித்தது. இன்னொன்றைத் திறந்தாள். வணிகச் சட்டம். மூன்றாவதில் வரலாறுதான், ஆனால் பிரெஞ்சுப் புரட்சி. கோப்புறைகள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

தேநீர் வந்தது. ஆறியது.

அறவாழிக்கு அந்த எண் நாக்கு நுனியில் நின்றது. இருமுறை செருமினார். ஜெசிந்தா பார்த்த பார்வையில் செருமலையும் விழுங்கினார்.

மங்கை சிரிப்பதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. விசையிலிருந்து கையை எடுத்தாள்.

“அண்ணே, போன தை மாசம் நீங்க நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில இருந்தீங்கல்ல, ஒன்பது நாள்?”

அறவாழி தலையசைத்தார். அது அவளுக்குத் தெரியாது என்பது பிறகே உறைத்தது.

“உங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன். அண்ணிதான் எடுத்தாங்க. பெட்டி ஓடுது, பச்சை விளக்கு எரியுது, ஆனா எனக்கு ஒண்ணும் எடுத்துத் தரத் தெரியலம்மான்னு அழுதாங்க.”

அவள் கோலைத் தேடி எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள்.

“அந்த ஒன்பது நாளும் யாருக்கும் ஒரு பாடம்கூட வரல. பெட்டி நல்லாத்தாண்ணே இருந்துச்சு.”

பெட்டிக்குள் டிஸ்க்குகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

அறவாழி கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். அதை மடித்து மேசையோரம் வைத்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, கையைக் குவித்து வாய்க்கு முன்னால் பிடித்துக் காட்டினார்.

ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. அலமாரியிலிருந்து ஒரு மைக்கை எடுத்து மடிக்கணினியில் செருகி, பதிவை முடுக்கினார்.

சிவப்புச் சீட்டு இன்னும் அறவாழியின் சட்டையில்தான் இருந்தது. இம்முறை பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அறவாழி நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வண்டி எண் ஒன்று, ஆறு, எட்டு, நான்கு, எட்டு. வரலாறு. சோழர் கால நிலவரி. மூன்றாம் பாடம்.”