பல் திரும்பிய ரம்பம்

மரமும் எலியும் காக்கையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உலகத்தில் இருந்த ரம்பம் எல்லாமே தள்ளி அறுக்கிற ரம்பம்தான். நம் ஊரிலும் அப்படித்தான், கடலுக்கு நடுவே தீவுகளாகக் கிடக்கிற ஜப்பானிலும் அப்படித்தான். ரம்பத்தின் பல் அறுக்கிறவனைப் பார்க்காது, எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும். எட்டித் தள்ளினால் மரம் அறுபடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த ஜப்பானின் வடக்கே, பனி பெய்தால் கூரை விளிம்பு வரை மூடிவிடுகிற ஒரு மலையூரில் தொகுபே என்று ஒரு தச்சன் இருந்தான். நல்லவன்தான், ஆனால் எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. கதவைத் திறக்கச் சொன்னால் தோளால் முட்டுவான். அவன் தும்மினால் பக்கத்து வீட்டுக் கோழி எழுந்து ஓடும். அவன் மனைவி கினு அதற்கு நேர் எதிர். அவள் பானையைக் கீழே வைத்தால் வைத்த சத்தமே கேட்காது. இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே வீட்டில் காலம் தள்ளுகிறார்கள் என்று ஊரார் கேலி பேசினார்கள். சந்தோஷமாகவே தள்ளினார்கள், அதுதான் வேடிக்கை.

அந்த வருஷம் முதல் பனி விழுந்த அன்று அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் காலத்து வீடுகளில் ஜன்னலுக்குப் பலகைதான் போட்டிருக்கும். பனிக்காலம் வந்தால் பலகையைச் சாத்திவிட வேண்டும், இல்லையென்றால் காற்று ஆளைக் கொன்றுவிடும். சாத்திவிட்டால் பகலும் இருட்டு. ஒரு சின்ன எண்ணெய் விளக்கு புகைந்துகொண்டிருக்கும். அதன் வெளிச்சத்தில் யார் முகமும் ஒரே மஞ்சளாகத்தான் தெரியும்.

இருபது நாள் போனது. கினுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை வாங்குவாள், கையிலேயே வைத்திருப்பாள், திருப்பிக் கொடுத்துவிடுவாள். மெல்ல மெல்ல பால் குறைந்தது. குழந்தை முதலில் பசியில் கத்தியது. அப்புறம் கத்துவதையும் குறைத்துக்கொண்டது. அதுதான் தொகுபேவைப் பயமுறுத்தியது.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு கினு. என்னவா இருந்தாலும் கொண்டுவர்றேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. இவ முகத்தைப் பகல் வெளிச்சத்துல ஒருதடவை பார்க்கணும். மூக்கு எப்படி இருக்கு, காது எப்படி இருக்குன்னு விரலால தடவித்தான் தெரிஞ்சுக்கறேன். பெத்த பிள்ளைய இன்னும் பார்க்கலையேன்னு நினைச்சா தொண்டை அடைச்சுக்குது."

தொகுபேவுக்கு ஒரு வழி தோன்றியது. வீட்டில் நல்ல காகிதம் இருந்தது, மரப்பட்டை நாரில் செய்தது. காகிதம் காற்றைத் தடுக்கும், வெளிச்சத்தை விடும். ஆனால் வெறும் காகிதம் ஜன்னலில் நிற்காது. அதைத் தாங்க மரத்தில் ஒரு கிராதி வேண்டும், குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள். சரி, அறுத்தால் போயிற்று என்று ரம்பத்தை எடுத்தான்.

வீட்டில் இருந்த மரத்தையெல்லாம் மூன்று நாளில் தள்ளித் தள்ளி அறுத்துத் தீர்த்தான். தள்ளுகிற ரம்பத்துக்குத் தகடு கனமாக இருக்க வேண்டும். கனமான தகடு பாதி மரத்தைத் தூளாகத் தின்றுவிடும். மிச்சம் வந்த சட்டம் ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். அதை விட மெல்லிசாக்கப் பார்த்தால் உடைந்தது. கிராதியைப் பூட்டிக் காகிதம் ஒட்டிப் பார்த்தால், ஜன்னலில் காகிதத்தை விட மரம்தான் அதிகம். வெளிச்சம் துண்டு துண்டாக வந்து தரையில் விழுந்தது, படுக்கை வரை வரவில்லை.

"நல்லா இருக்குங்க" என்றாள் கினு. அவன் மனசு நோகக்கூடாது என்று சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தொகுபே தன்னிடம் இருந்த இரண்டு ரம்பங்களையும் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பனையோலை போல மெல்லிசாக்கினான். மெல்லிய தகடு மெல்லிய சட்டம் தரும் என்பது சரியான கணக்குதான். மாட்டுக் கொட்டகையில் கடைசியாக ஒரே ஒரு தேவதாருக் கட்டை கிடந்தது. மலைக்குப் போகிற வழியெல்லாம் பனியில் அடைந்துபோனதால் இதை விட்டால் வேறு மரம் கிடையாது. அதை உருட்டிக்கொண்டு வந்து பட்டறையில் போட்டு, ஒரு முனையில் மெல்லிய ரம்பத்தை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான். தகடு வளைந்து நெளிந்து, 'டங்' என்று இரண்டாக முறிந்தது.

"யாரய்யா அது, வீட்டைப் போட்டு இப்படிக் குலுக்கறது?" என்று கட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

தொகுபே மறுமுனைக்குப் போய்ப் பார்த்தான். அங்கே சின்னதாக ஒரு பொந்து, பாசியால் அடைத்திருந்தது. பாசி விலகி ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. முதுகில் ஒற்றைக் கறுப்புக் கோடு போட்ட குட்டி எலி ஜாதி, அந்த மலைகளில் அதற்கு யமானே என்று பெயர். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். இலை உதிரும்போது சுருண்டு படுத்தால் இலை துளிர்க்கும்போதுதான் எழும்.

"தச்சரே, கொஞ்சம் கேளும்" என்றது யமானே, கண்ணைத் திறக்காமலே. "உடம்புல இருக்கிற கொழுப்பை வச்சுத்தான் நான் பனிக்காலத்தைக் கடக்கணும். நடுவுல எழுந்தா அது சரசரன்னு கரைஞ்சுடும். நீர் கட்டையை உருட்டினப்போ ஒருதடவை எழுந்தேன். இப்போ இது ரெண்டாந்தடவை. மூணாவது தடவை எழுப்பினீர்னா, அப்புறம் வசந்தம் வரும், நான் வர மா..." சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டது.

தொகுபே பாசியைத் திரும்ப அடைத்தான். பொந்திலிருந்து அதை வெளியே எடுத்தாலும் எழுந்துவிடும். அந்த முனையை வெட்டித் தனியே வைக்கலாம் என்றால், வெட்டுகிற அதிர்ச்சியிலேயே எழுந்துவிடும். இந்த முனையிலிருந்து தள்ளி அறுத்தால் ஒவ்வொரு தள்ளும் நேரே போய் அதன் தலையில்தான் இடிக்கும். ரொம்ப நேரம் அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு உள்ளே போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். பரவாயில்லை, அறுங்கள் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

"வேண்டாங்க" என்றாள் கினு.

"எனக்கு நீயும் குழந்தையும் வேணும். எலி வேணாம்!" என்று தொகுபே கத்தினான். கத்தியதும் அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

"அதுவும் இருட்டுலதாங்க கிடக்குது, என்னை மாதிரி. வெளிச்சம் வரும்னு நம்பித்தானே கண்ணை மூடியிருக்கு. அதைக் கொன்னுட்டு வர்ற வெளிச்சத்துல நான் எப்படி என் பொண்ணைப் பார்ப்பேன்?"

தொகுபே கண்ணைத் துடைத்துக்கொண்டான். சும்மா உட்கார்ந்து மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை அவளுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. படுக்கை விளிம்புக்கு நகர்ந்துபோயிருந்தது. கினு கையை நீட்டி, அதன் முதுகுக்குப் பின்னால் உள்ளங்கையைக் கொடுத்து, மெல்லத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். குழந்தை உதட்டை ஒருதடவை சப்புக்கொட்டியது, எழவில்லை.

"எழலையே" என்றான் தொகுபே.

"தள்ளினா எழுந்துடும். நம்ம பக்கமா இழுத்துக்கிட்டா எழாது. எல்லாக் குழந்தையும் அப்படித்தான்" என்றாள் கினு. இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்பது போல அவனைப் பார்த்தாள்.

தொகுபே எழுந்து பட்டறைக்கு ஓடினான். ஓடினவன் வாசலிலேயே நின்று, ஓடக்கூடாது என்று நினைவு வந்து, கால்விரல் நுனியில் நடந்தான். முறியாமல் மிச்சம் இருந்த ஒரே மெல்லிய ரம்பத்தை எடுத்தான். அதன் கைப்பிடியைக் கழற்றினான். தகட்டின் மறுமுனையில் அதே கைப்பிடியைப் பூட்டினான். இப்போது பல் எல்லாம் அவனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

கட்டையில் வைத்தான், தன் வயிற்றை நோக்கி இழுத்தான். தகடு நெளியவே இல்லை. நூலைத் தள்ளினால் சுருளும், இழுத்தால் நேராக நிற்கும், அதேதான். மரம் குலுங்கவும் இல்லை. சர்ர்... சர்ர்... என்று தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. எதிர்ப்பக்கம் போகும்போது தகட்டை மரத்தில் அழுத்தாமல் சும்மா வழுக்கவிட்டான். வெட்டெல்லாம் தன் பக்கம் வரும்போதுதான்.

மத்தியானம் பக்கத்து வீட்டு கொன்ரொகு, அவனும் தச்சன், பனியில் வெட்டிய பாதை வழியாக எட்டிப் பார்த்தான். பார்த்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏம்ப்பா தொகுபே, புத்தி கித்தி கலங்கிப்போச்சா? பல்லைக் கொண்டுபோய்த் தன் வயித்துப் பக்கம் எவனாவது வைப்பானா? ஒருதடவை வழுக்கினா குடல் வெளிய வந்துடும்!"

"மெதுவாப் பேசு" என்றான் தொகுபே. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். "வழுக்கினா என் மேலதானே படும். கட்டைக்குள்ள எலி தூங்குது. நான் முழிச்சுக்கிட்டுதானே இருக்கேன், பார்த்துக்கறேன்."

கொன்ரொகு சிரிப்பை நிறுத்தினான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வீட்டுக்குப் போய்த் தன் கோழிகளைக் கூடைக்குள் அடைத்துவைத்தான், அவை கூவக்கூடாதே என்று.

ரம்பம் வழுக்கவும்தான் செய்தது. ஆறாவது சட்டம் அறுக்கும்போது கட்டையை விட்டு வெளியே வந்து தொடையில் நாலு விரல் நீளத்துக்குக் கீறியது. சும்மா இருக்கும்போதே ஊரை எழுப்புகிற மனிதன், தன் சட்டைக் கையைப் பல்லால் கடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு ஏழாவது சட்டத்துக்கு ரம்பத்தை வைத்தான்.

நாலு நாள் அப்படியே. பொந்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்திவிடுவான். பிறகு குறுக்கே மெல்ல இழுத்து ஒவ்வொரு சட்டமாக எடுப்பான். கோரைத் தண்டைவிட மெலிந்த சட்டங்கள், ஒளியில் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவி விளிம்பு சிவக்கும். இழைப்புளியையும் அதே போலத் திருப்பிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தே இழைத்தான். இப்படி அறுத்த சட்டத்துக்குத்தான் அங்கே குமிகோ என்று பெயர். ஆணி அடித்தால் சத்தம் வருமே, அதனால் ஒன்றில் பாதிப் பள்ளம் மற்றதில் பாதிப் பள்ளம் எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தான். கடைசியில் பொந்து இருந்த அந்தக் குட்டைக் கட்டையைத் தொடாமல், சுற்றிலும் வைக்கோல் போட்டு மூடினான்.

ஐந்தாம் நாள் உச்சிவேளையில் பழைய கிராதியை எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டினான். அரிசிப் பசை தடவிக் காகிதம் ஒட்டினான். வெளியே எங்கே பார்த்தாலும் பனி, அதன் மேல் வெயில். அந்த வெளிச்சம் முழுக்கக் காகிதத்தில் வந்து நின்று, பிறகு அறைக்குள் மெதுவாக நிறைந்தது. மூலையில்கூட நிழல் இல்லை.

கினு எழுந்து உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் போட்டு, போர்த்தியிருந்த துணியை விலக்கினாள். நெற்றி, மூக்கு, காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன சொல்வாளோ என்று தொகுபேவுக்கு உயிரே போய்விட்டது.

"ஐயோ, இங்க பாருங்களேன்" என்றாள் கடைசியில். "காது ரெண்டும் உங்களுது! அப்படியே மேல மடிஞ்சிருக்கு. இத்தனை நாள் தடவித் தடவிப் பார்த்தேனே, இது எனக்குத் தெரியலையே!" சிரித்தாள், அழுதாள், திரும்பவும் சிரித்தாள். குழந்தை வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிவிட்டு, பிறகு நன்றாகத் திறந்து அவளைப் பார்த்தது.

அன்றைக்கு கினு கஞ்சி ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். மறுநாள் இரண்டு. நாலாம் நாள் குழந்தை பசிக்குக் கத்தியது, ஊரே கேட்கும்படி, அச்சு அசலாக அப்பனைப் போல. அப்படி ஓர் இனிமையான சத்தத்தைத் தொகுபே அதுவரை கேட்டதில்லை.

பனி உருகி, மலையில் முதல் துளிர் விட்டபோது, பட்டறை மூலையில் வைக்கோல் அசைந்தது. யமானே வெளியே வந்தது. மெலிந்திருந்தது, ஆனாலும் ஜம்மென்று இருந்தது. முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொகுபேவைப் பார்த்தது.

"பொறுத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி தச்சரே. பாவம், எனக்காக உம்ம வேலையெல்லாம் நின்னுபோச்சு. போங்க, இனி எவ்வளவு வேணும்னாலும் அறுத்துக்கங்க" என்றது.

அன்று திரும்பிய பல் இன்று வரை பழையபடி திரும்பவில்லை. அதற்கப்புறம்தான் அந்த நாட்டுத் தச்சர்கள் ரம்பத்தையும் இழைப்புளியையும் தங்கள் பக்கம் இழுத்தே வேலை செய்கிறார்கள். கிராதிக்குச் சட்டம் அறுக்கும்போது யாராவது போய், "பல்லு உங்க வயித்தைப் பார்த்து இருக்கே, பயமா இல்லையா?" என்று உரக்கக் கேட்டால், அவர்கள் பதில் சொல்வதில்லை. உதட்டில் ஒரு விரலை வைத்துக் காட்டிவிட்டு, மறுபடியும் மெல்ல இழுக்கிறார்கள்.