கீரி போட்டுக் கொடுத்த லினக்ஸ்

தாமரைக்குளத்துக் கரையில் கோமதி என்ற ஆமை காட்டு விலங்குகளுக்கு மருந்து கொடுத்து வந்தது. யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதையெல்லாம் தன் பழைய கணினியில் எழுதி வைத்திருந்தது.

ஒருநாள் அந்தக் கணினி, “இந்த இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது” என்று காட்டியது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிடலாம் என்றது கொக்கு. கணினியில் புலி என்று காடே நம்பிய சடையன் கீரியை ஆமை வரவழைத்தது.

“தம்பி, மின்ட், உபுண்டு, ஜோரின்னு மூணு வகை லினக்ஸ் சொல்றாங்க. எனக்கு எது சரிப்படும்?”

சுற்றிலும் குரங்கும் முயலும் கொக்கும் வேடிக்கை பார்த்தன. கீரிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

“அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு, அக்கா! நான் போடுறது வேற. கறுப்புத் திரைதான், கட்டளை அடிச்சாத்தான் நகரும். அதுதான் கெட்டிக்காரங்க லினக்ஸ்!”

“என் பதிவெல்லாம் பத்திரமா இருக்குமா?”

“நான் இருக்கேன்ல!”

உண்மையில் கீரி அதை ஒருமுறைகூட முழுதாக நிறுவியதில்லை. பழைய பதிவுகளுக்கு நகலும் எடுக்கவில்லை. அதற்கு நேரமாகும்; பார்க்கிறவர்கள் கலைந்துவிடுவார்களே! விறுவிறுவென்று தட்டியது. பழையது மொத்தமும் அழிந்தது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக்கியது. குரங்கு கைதட்டியது!

மறுநாள் காலை, கீரி கணினி முன் உட்கார்ந்திருந்தபோது, காய்ச்சலில் நினைவிழந்த மான்குட்டியைக் குரங்கு தூக்கி வந்தது.

“சடையா, இவனுக்கு ஏதோ ஒரு வேர் ஆகாது. எதுன்னு பதிவுலதான் இருக்கு. எடுத்துக் கொடு!” என்று பதறியது ஆமை.

கீரி தட்டித் தட்டிப் பார்த்தது. “அக்கா... எல்லாம் போயிடுச்சு.”

ஆமை திட்டவில்லை. “உன் வளையில இருக்கற கணினியிலயும் இதைத்தானே வச்சிருக்க?” என்று மட்டும் கேட்டது.

ஆமாம் என்ற சொல் கீரியின் நாக்கு நுனிவரை வந்தது. மான்குட்டி முனகியது.

“இல்லக்கா. நான் வச்சிருக்கறது மின்ட். இந்தக் கட்டளை ஒண்ணும் எனக்குத் தெரியாது. எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க... அதான்...”

அதற்கு மேல் அங்கே நிற்க அதற்கு முகமில்லை. ஒரே ஓட்டமாக ஓடி, அக்கரையில் மேய்ந்த தாய்மானைக் கண்டுபிடித்து, குட்டிக்கு எந்த வேர் ஆகாது என்று கேட்டது.

“வசம்பு ஆகாது! ஏன், பதிவு என்னாச்சு?”

“நான்தான் அழிச்சேன்” என்றது கீரி, தரையைப் பார்த்தபடி.

சரியான மருந்து கொடுத்தபின், மாலையில் மான்குட்டி எழுந்து உட்கார்ந்தது.

பிறகு கீரி மூன்று லினக்ஸையும் பென்டிரைவில் கொண்டு வந்து, நிறுவாமலே ஓட்டிக் காட்டியது. உபுண்டுவில் செயலிகள் வரிசையாக உள்ள பட்டை இடப்பக்கம் நிமிர்ந்து நின்றது; ஆமை தடுமாறியது. ஜோரின் பார்க்க அழகாக இருந்தது. மின்ட்டைத் திறந்ததும் ஆமை தானாகவே, பழையதில் இருந்தது போலவே மூலையிலிருந்த மெனுவை அழுத்தியது.

“இது போதும் தம்பி. கை பழகின இடத்துலயே இருக்கு.”

அதை நிறுவிவிட்டு, கீரி வளை வளையாக, புதர் புதராகப் போய்ப் பழைய பதிவுகளைக் கேட்டு எழுதியது. “மறுபடி எதுக்குக் கேக்கற?” என்றது ஒவ்வொரு விலங்கும். ஒவ்வொரு வாசலிலும் அது, “நான் அழிச்சிட்டேன்” என்றே சொல்ல வேண்டியிருந்தது.

யோசனை கேட்டு வந்தவருக்கு எது பொருந்தும் என்று பாராமல் தன் பெருமைக்குப் பொருந்தியதைச் சொல்பவர், அவர் நம்பிக்கையையும் தன் மதிப்பையும் சேர்த்தே இழப்பார்.