வேப்பிலைத் தோரணத்தைத் தின்ற ஆடு

முன்னொரு காலத்திலே, குளம் என்றால் அதில் தண்ணீரும் இருந்த காலத்திலே, ஒரு குளக்கரைக்கு மிளகி என்கிற பூனை வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் மிளகு தூவினாற்போல் புள்ளி. மூச்சுக்கு ஒரு தும்மல்.

நாரை வைத்தியர் அதன் ஈறுகளைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"ரத்தத்தில் கிருமி இருக்கிறது. எச்சில் வழியே பூனைக்குப் பூனை ஒட்டும். வேறு யாருக்கும் ஒட்டாது. ஆனால் இவள் நனையக் கூடாது. ஒரு காய்ச்சலைக்கூட இந்த உடம்பு தாங்காது."

வானத்தில் ஐப்பசி மேகம். கரையில் கூரை உள்ள இடமோ ஒன்றுதான். கொம்பாயி என்கிற ஆடு குடியிருந்த பாழ்மண்டபம்.

"உள்ளே வந்து படுத்துக்கோ," என்றது கொம்பாயி.

"யக்கா, நான் எத்தனை நாளைக்கு இருப்பேனோ."

"எனக்கு மட்டும் அடுத்த கோயில் கொடையிலே ஆடு வெட்டுற வரைக்கும் எழுதியா கொடுத்திருக்கு? நகர்ந்து படு."

கரை கலங்கிப்போனது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள் அல்லவா? குரங்கு அதுபோல மண்டப வாசலில் தோரணம் கட்டியது. காலையில் பார்த்தால் இலை இல்லை, கயிறு மட்டும் ஆடியது. மறுபடி கட்டியது. மறுநாளும் கயிறுதான்.

கிருமி இலையையே தின்றுவிட்டது என்று குரங்கு கரையெல்லாம் சொல்லித் திரிந்தது. கொம்பாயி அசைபோட்டபடி, "அப்படியா? கொஞ்சம் கொழுந்தாகக் கட்டிப் பாரேன்," என்றது.

அதற்குள் பாதிக் கரைக்குப் பூனைநோய் வந்துவிட்டது. அணில் தன் கையைத் தானே நக்கியதாம். முயல் மத்தியானம் முழுக்கத் தூங்கியதாம். கோழி மரமேறி இறங்கத் தெரியாமல் நின்றதாம். போன வருஷமும் இப்படித்தானே நின்றாய் என்று நாரை கேட்டதும், கோழி இன்னும் ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டது. தவளை மட்டும் மியாவ் என்று கத்திப் பார்த்து, வராததால் வருத்தப்பட்டது.

கடைசியில் எல்லாரும் மண்டபத்துக்குத் திரண்டு வந்து, மிளகி வெளியேற வேண்டும் என்றார்கள். தூறல் ஆரம்பித்தது. மிளகி எழுந்தது. கொம்பாயி வாசலை அடைத்து நின்றது.

அந்நேரம் ஊர் சுற்றும் கடுவன் பூனை ஒன்று கூட்டத்துக்குள் நுழைந்து, ஆட்டின் காலுக்கடியில் புகுந்து, நாரை பிடித்துக் கொடுத்த மீன் இருந்த மிளகியின் கிண்ணத்துக்கே போனது.

"நோயாமே நோய்! என் மீசையைப் பார்த்தாலே கிருமி ஓடும்," என்று வாய் வைக்கக் குனிந்தது.

மிளகி பாய்ந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டது. மீன் உருண்டு குளத்தில் விழுந்தது. அன்றைக்கு மிளகிக்கு இருந்த சாப்பாடே அதுதான்.

"அண்ணே, இந்தக் கரையிலே என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டிய ஆள் நீர் ஒருத்தர்தான். போயிடும்."

கடுவன் முணுமுணுத்துக்கொண்டே போனது.

"அப்போ எனக்கு?" என்று கோழி மெல்லக் கேட்டது.

"உனக்கு ஒண்ணும் இல்லைன்னு வைத்தியர் அன்னைக்கே சொன்னாரே, அக்கா," என்றது மிளகி.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. மழை வலுத்தது. நாரை வேறு மீன் பிடிக்கப் பறந்தது. அணில் போனது, முயல் போனது, கோழியும் தவளையும் போயின. குரங்கு மட்டும் புதிதாக ஒடித்து வந்த வேப்பங்கொத்தோடு நின்றது. எங்கே கட்டுவதென்று தெரியவில்லை. அதைக் கொம்பாயியின் வாயிலேயே கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே நடந்து போனது.

எந்த நோய் யாருக்கு ஒட்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாத பயம், நோயைவிட வேகமாக ஒட்டிக்கொள்ளும்.